பத்து மாசமோ ஒன்பது மாசமோ, எங்கயிருந்து எண்ணுறது?

பரந்தன்பெடியன் | 3 மாசி 2024, பின்னேரம் 6.15

ஒரு சந்தேகம். சந்தேகம் எண்டும் இல்லை, எனக்கு வடிவாத் தெரியும். பத்து மாசம் சுமந்து பெத்தனான் எண்டு எல்லா அம்மாமாரும் சொல்லுகினம், எல்லாப் பாட்டிலயும் வருது. மனுசி இப்ப கிளினிக்குக்குப் போறா, அங்க ஒன்பது மாசமும் ஒரு கிழமையும் எண்டுதான் கணக்குப் பாத்துத் தந்திருக்கினம். அப்ப அந்த ஒரு மாசத்தை ஆர் கூட்டினது? இதால அம்மாவோட சண்டை வந்து ரெண்டு நாளா நான்தான் சோறு போட்டுச் சாப்பிடுறன். விளங்கினாக்கள் சொல்லுங்கோ.

ஓட்டோக்காரன் | 3 மாசி 2024, இரவு 9.40

தம்பி, அம்மா சொன்னதும் சரி கிளினிக் சொன்னதும் சரி, நீ வாயைத் திறந்ததுதான் பிழை.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஓட்டோ ஓடுறன். கிளினிக் நாளெண்டா காலமை ஏழு மணியில இருந்து பின் சீற்றில வயித்தோட இருக்கிற ஆக்கள்தான், அவையள் தங்களுக்குள்ள கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே ஒரு பிள்ளை பெறலாம் போல கிடக்கு. கிளினிக்கில எண்ணத் தொடங்கிறது கடைசியா மாதவிலக்கு வந்த முதல் நாளில இருந்து. அதில இருந்து 280 நாள், 40 கிழமை. மிஸ்ஸியின்ர, அதுதான் மருத்துவமாதுவின்ர, மேசையில மட்டையில வட்டமா ஒரு சக்கரம் கிடக்கும், அதைச் சுத்தி நாள் சொல்லுவா. சக்கரம் இல்லாட்டி விரலும் காணும், ஒன்பது மாசத்தைக் கூட்டி அதுக்கு மேல ஏழு நாளைக் கூட்டு. 10 தை (ஜனவரி) எண்டா 17 ஐப்பசி (ஒக்ரோபர்). நேகலே எண்ட ஒரு ஜேர்மன்காரரின்ர பேரிலதான் உந்தக் கணக்கு நிக்குது.

இப்ப 280ஐ 28ஆல பிரிச்சுப் பார். பத்து. பொம்பிளையளின்ர மாசம் 28 நாள், கலண்டர் மாசம் இல்லை. அம்மா வென்றிட்டா. போய்ச் சோத்தைப் போடச் சொல்லு.

ஓட்டோக்காரன் | 3 மாசி 2024, இரவு 10.05

ஒண்டு விட்டுப்போச்சு. அந்த 40 கிழமையில முதல் ரெண்டு கிழமை வயித்துக்குள்ள பிள்ளையே இல்லை. முட்டை வெளிக்கிடுறதே கிட்டத்தட்ட பதினாலாம் நாள்தான், அதுக்குப் பிறகுதானே மிச்சக் கதை. பிள்ளை உண்மையா உள்ளுக்க இருக்கிறது 38 கிழமை, 266 நாள். வேலைக்குப் போக முதலே ரெண்டு கிழமைச் சம்பளம் எடுக்கிற மாதிரி. ஏன் அப்பிடி எண்ணுகினம் எண்டு மிஸ்ஸியைக் கேட்டன், "எந்த நாள் தங்கினது எண்டு உங்களுக்குத் தெரியுமோ தம்பி?" எண்டு கேட்டா, பின் சீற்றில இருந்த நாலு பொம்பிளையளும் சிரிக்க நான் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டன்.

ஓட்டோக்காரன் | 4 மாசி 2024, காலமை 7.20

ராத்திரி நான் எழுதின 28ஆல பிரிக்கிற விளையாட்டை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டவ, திரும்பியும் பாக்காமல் சொன்னா, "உதென்ன விசர்க்கணக்கு. ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது எண்டுதான் பத்தாம் மாசம் எண்டு சொல்லுறது."

யோசிச்சுப் பாத்தா அவ சொல்லுறதுதான் சரி. நாங்கள் முடிஞ்சதை எண்ணுறேல்ல, நடக்கிறதைத்தான் எண்ணுறது. பெடியனுக்கு ஆறு முடிஞ்ச அடுத்த நாளே "ஏழு நடக்குது" எண்டு சொல்லுவம். பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டாம் நாளும் பிறந்த நாளை ஒண்டெண்டு வைச்சுத்தான். ஒன்பது மாசமும் ஏழு நாளும் எண்டா பத்தாம் மாசம் தொடங்கி ஒரு கிழமை, அவ்வளவுதான். ஆரும் ஒண்டையும் கூட்டேல்ல. என்ர 28 கணக்கு பாக்க வடிவா இருந்தது, ஆனா அம்மாமார் அப்பிடி எண்ணிச் சொல்லேல்ல. நேற்று எழுதினதை அழிக்காமல் விடுறன், என்ர விசரும் ஆக்களுக்குத் தெரியட்டும்.

ஓட்டோக்காரன் | 4 மாசி 2024, மத்தியானம் 1.30

மேல ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, நாள் தள்ளிப்போய், ரெஸ்ற் பண்ணி, பிறகு மிஸ்ஸியிட்டப் பதிஞ்சு, அதுக்குப் பிறகு போலிக் அசிட் குளிசை போட்டாக் காணாதோ எண்டு. தங்கச்சி, இது பகிடிக்கு விடுற விசயம் இல்லை. நீங்கள் நாள் தள்ளிப்போச்சு எண்டு கண்டுபிடிக்கேக்க கிளினிக் கணக்கில 4 கிழமை, பிள்ளைக்கு ரெண்டு கிழமை. பிள்ளைக்கு 22 நாள் அளவில இருதயம் துடிக்கத் தொடங்கும். பிறகு மூளையும் முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்புமா வரப்போற அந்தக் குழாய் 28ஆம் நாள் அளவில மூடுப்படும். ஒரு தகட்டை ரெண்டு பக்கத்தாலயும் சுருட்டித் தைக்கிற மாதிரி அது மூடுப்பட வேணும், எங்கயாவது தையல் விட்டா அந்த இடம் பிறந்த பிறகும் திறந்தபடிதான் கிடக்கும். போலிக் அசிட் அந்தத் தையலுக்குத்தான், ஒரு நாளைக்கு 400 மைக்கிரோகிராம். கனபேர் பதியப் போற நேரம் தைச்சு முடிஞ்சிடும். அதாலதான் பிள்ளைக்கு யோசிக்கத் தொடங்கேக்கயே போடச் சொல்லுறது, புதுசாக் கலியாணம் கட்டின வீடுகளுக்கு மிஸ்ஸி வாறதும் அதுக்குத்தான். சனம் என்னெண்டா அவ வாற சத்தம் கேட்டா வெக்கத்தில பின்வளவுக்க போய் நிக்குது.

ஓட்டோக்காரன் | 5 மாசி 2024, இரவு 11.10

"உமக்கேன் உந்தக் கிழமைக் கணக்கில இவ்வளவு அக்கறை" எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். சொல்லுறன். நித்திரையும் வரேல்ல.

என்ர மகனுக்குக் குடுத்த நாள் 15 மார்கழி 2022. பிறந்தது 27 ஐப்பசி. ஏழு கிழமை முந்தி, சரியா 33 கிழமையில.

அந்த வருசம் எரிபொருள் எப்பிடிக் கிடந்தது எண்டு தெரியும்தானே, கியூஆர் கோட்டால பங்கீடு தொடங்கேக்க ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். நான் மனுசிக்கெண்டு ஒரு லீற்றர் போத்தில்ல ஒளிச்சு வைச்சனான், மார்கழிக்குத்தானே எண்டு அதிலயும் பாதியை ஒரு செத்தவீட்டு ஓட்டத்துக்கு எடுத்திட்டன். ஐப்பசி 26 விடியப்புறம் ஒண்டரைக்கு மனுசி எழுப்பிறா, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. மாமி பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டு இருக்க, நான் அரை லீற்றரை ஊத்திப்போட்டு வெளிக்கிட்டன். மழை. காட்டுப் பக்கத்து வளைவில றோட்டு நடுவில யானை லத்தி, லைற் வெளிச்சத்தில ஆவி பறக்குது. அப்ப யானை கிட்டத்தான் நிக்குது. கோர்ண் அடிக்கவும் பயம், அடிக்காமல் விடவும் பயம். மாமி வற்றாப்பளை அம்மாளைக் கூப்பிட்டபடி வந்தவ, அந்த இடத்தில மட்டும் வாயை மூடினவ.

ஆசுப்பத்திரியில முதல் செய்தது பிள்ளையின்ர சுவாசப்பைக்கு ஊசி, ஆனா போட்டது தாய்க்கு. உள்ளுக்க இருக்கிற சின்னச் சின்னக் காத்துப்பைகள் ஒண்டோடொண்டு ஒட்டாமல் இருக்க ஒரு வழுவழுப்பு ஊறவேணும், கடைசிக் கிழமையளிலதான் அது காணுமெண்ட அளவுக்கு வருமாம், அந்த ஊசி அதை முந்தி ஊறப்பண்ணுதாம். ஒண்டரை நாள் இழுத்துப் பிடிச்சு அடுத்த நாள் பின்னேரம் பிறந்தான். 1 கிலோ 780 கிராம். எங்கட வீட்டுச் சேவல் அதைவிடப் பாரம்.

அங்க நிண்ட ஒராள் மனுசியைப் பாத்து "ஏன் பிள்ளை அவசரப்பட்டனி" எண்டு கேட்டது. பகிடியாத்தான் கேட்டது. மனுசி இப்பவும் மறக்கேல்ல.

ரெண்டாம் நாள் என்னை உள்ளுக்க விட்டவை. தோளெல்லாம் பூனை மயிர் மாதிரி மெல்லிசா மயிர். காதை ஒரு விரலால தொட்டன், மடிஞ்சு போச்சு, மடிஞ்சது நிமிரேல்ல, ஐயோ உடைச்சுப்போட்டன் எண்டு கையை எடுத்திட்டன், பிறகு மெதுமெதுவா, புல்லு மிதிபட்டு எழும்புற மாதிரி நிமிர்ந்துது. வயசான ஒரு நேர்ஸ் மிஸ்ஸி பாத்துக்கொண்டு நிண்டவ. காதுக்குள்ள இன்னும் குருத்தெலும்பு முத்தேல்ல, மாசம் முத்தின பிள்ளையெண்டா விட்ட உடன டக்கெண்டு நிமிரும் எண்டவ. பிறகு காலைத் தூக்கிக் காட்டினா. உள்ளங்கால்ல விரல் பக்கம் மட்டும் ரெண்டு மூண்டு ரேகை, குதிப்பக்கம் வழுவழு எண்டு ஒண்டும் இல்லை. "திகதி தெரியாமல் வாற பிள்ளையளுக்கு நாங்கள் காதையும் காலையும்தான் பாக்கிறது" எண்டா. அந்தக் கதை எனக்குள்ள அப்பிடியே நிண்டிட்டுது, ஏனெண்டு பிறகு எழுதுறன்.

பால் குடிக்கத் தெரியாது. உறிஞ்சத் தெரியும், விழுங்கத் தெரியும், மூச்சு விடத் தெரியும், மூண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் செய்யத்தான் தெரியாது, அது 34 கிழமை அளவிலதான் கூடிவருமாம். அதுவரைக்கும் மூக்கால ரியூப். மனுசி கடும்புப்பாலைச் சின்னக் கோப்பைக்குள்ள பிழிஞ்சு குடுப்பா, முதல் நாள் மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 8 மில்லி, ஒரு துளி சிந்தினா அழுவா. இடைக்கிடை மூச்சு விடவும் மறந்து போவான். மிசின் கத்தும், மிஸ்ஸி வந்து உள்ளங்கால்ல விரலால ஒரு சுண்டு, திரும்ப விடுவான். ஏதோ நித்திரை தூங்கிற றைவரை எழுப்பிற மாதிரி.

ஓட்டோக்காரன் | 5 மாசி 2024, இரவு 11.55

இதையும் எழுதிப்போட்டுப் படுக்கிறன். என்னை ஷேர்ட்டைக் கழட்டிப்போட்டு இருக்கச் சொல்லி அவனை நெஞ்சில வைச்சுக் கட்டினவை. கங்காரு முறையாம், கொலம்பியாவில 1978 அளவில இன்கியூபேற்றர் காணாமல் தொடங்கினதாம். வசதியில்லாத இடத்தில கண்டுபிடிச்சது வசதியான இடத்துக்கெல்லாம் போயிருக்கு. ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தன். அவன் என்ர நெஞ்சு மயிரில நாலைப் பிடிச்சான், விடவே இல்லை. அது அன்பு இல்லையாம், கையில படுறதைப் பிடிக்கிறது எல்லாப் பச்சைப் பிள்ளைக்கும் பிறவியில வாறதாம், மிஸ்ஸி விளங்கப்படுத்தினவ. படுத்தட்டும்.

ஓட்டோக்காரன் | 6 மாசி 2024, பின்னேரம் 5.45

அவனுக்கு முப்பத்தொண்டு 26 கார்த்திகை. அண்டைக்குக் கிளினிக் கணக்கில 37 கிழமையும் ரெண்டு நாளும். 37 முடிஞ்சாத்தான் மாசம் முத்தின பிள்ளை எண்டு சொல்லுறது. அப்ப துடக்குக் கழிச்ச அண்டைக்கு அவனுக்குப் பிறக்க வேண்டிய நாள் இன்னும் வரவே இல்லை, ஐயர் தண்ணி தெளிக்கிறார். மாமி தலைமயிர் வழிக்க வேணும் எண்டு நிண்டவ, மனுசி விடேல்ல. உச்சிக்குழி துடிக்கிறது தோலுக்குள்ளால தெரியுது, அதுக்கு மேல சவரக்கத்தி எண்டா ஆருக்குத்தான் மனம் வரும். மாமி மூண்டு நாள் கதைக்கேல்ல.

எங்கட ஊர்ச் சனத்துக்கு மாசம் சொன்னா உடன வாயில ஒரு பட்டியல் இருக்கு. மூண்டில தலை நிக்க வேணும், அஞ்சில பிரளவேணும், எட்டில தவழவேணும். இவன் ஒண்டும் செய்யேல்ல. நாலு மாசத்திலயும் தலை ஆடுது. "பேரன் ஏதும் சுகமில்லையோ" எண்டு கடையில வைச்சுக் கேக்கினம். ஒரு கிளினிக்கில அவன்ர கார்ட்டில முந்திப் பிறந்தவன் எண்டு எழுதாமல் நிறையைப் புள்ளி வைச்சுப்போட்டினம், புள்ளி போய்ச் சிவப்புக்குள்ள விழுந்துது. வாங்கில பக்கத்தில இருந்த பொம்பிளை எட்டிப் பாத்திட்டுத் தன்ர பிள்ளையின்ர கார்ட்டை விரிச்சு வைச்சவ. மனுசி வீட்டை வந்து சாப்பிடேல்ல.

பிறகு எங்கட மிஸ்ஸி வந்துதான் சொன்னவ. இப்பிடிப் பிள்ளையளுக்கு ரெண்டு வயசாம். பிறந்த நாளில இருந்து ஒண்டு, பிறந்திருக்க வேண்டிய நாளில இருந்து ஒண்டு. தலை நிக்கிறது, இருக்கிறது, கதைக்கிறது எல்லாம் ரெண்டாவதால பாக்கவேணும், ரெண்டு வயசு மட்டும். புள்ளியை ஏழு கிழமை பின்னுக்கு நகர்த்தி வைச்சா, அது அப்பிடியே பச்சைப் பக்கம் கிட்டப் போகுது. பிள்ளை அதே பிள்ளை, ஒரு கிராம் கூடேல்ல. மனுசி அண்டைக்கு ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டவ.

ஆகவே முந்திப் பிறந்த பிள்ளை வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாத்துக்கும் அந்தக் கிழமையளைக் கழிச்சுப் பாருங்கோ, பயப்பிடாதேங்கோ.

ஓட்டோக்காரன் | 6 மாசி 2024, பின்னேரம் 6.20

அவசரமா ஒரு திருத்தம். மேல எல்லாத்துக்கும் எண்டு எழுதிப்போட்டன். ஊசிக்குக் கழிக்கக் கூடாது!! தடுப்பூசி பிறந்த நாளில இருந்துதான், ரெண்டு மாசம், நாலு மாசம், ஆறு மாசம், ஒன்பதில எம்எம்ஆர், எல்லாம் கார்ட்டில இருக்கிற பிறந்த திகதிக்கு. நானும் உந்தப் பிழையை விட்டனான், பெரிய கணக்காளர் மாதிரி ரெண்டு மாச ஊசிக்கு ஏழு கிழமை பிந்திக் கொண்டு போவம் எண்டு முடிவெடுத்து வீட்டிலயும் அறிவிச்சிட்டன். மிஸ்ஸி ஸ்கூட்டியில படலையடிக்கு வந்து நிண்டு குடுத்த ஏச்சு நாலு வீட்டுக்குக் கேட்டது. கிருமி வந்து உன்ர சக்கரத்தைச் சுத்திப் பாத்திட்டோ பிள்ளையைப் பிடிக்கும் எண்டு கேட்டவ.

ஓட்டோக்காரன் | 8 மாசி 2024, இரவு 8.30

பரந்தன் தம்பி, மனுசியின்ர வயித்தோட கதைக்கிறனீரோ எண்டு கேட்டிருக்கிறீர். கதைச்சனான். அஞ்சாம் மாசத்தில இருந்து, ஒவ்வொரு ராவும். பிறகுதான் வாசிச்சன், ஆறாம் மாசக் கடைசியிலதான் பிள்ளை சத்தத்துக்கு ஆடி அசையத் தொடங்குமாம், அப்ப முதல் ஒரு மாசம் நான் சுவரோட கதைச்சிருக்கிறன். 1980இல அமெரிக்காவில பிறந்து மூண்டு நாளுக்குள்ள இருந்த பிள்ளையளின்ர வாயில சூப்பியைக் குடுத்து, ஒரு மாதிரி உறிஞ்சினாத் தாயின்ர குரல், வேற மாதிரி உறிஞ்சினா வேற பொம்பிளையின்ர குரல் எண்டு வைச்சுப் பாத்திருக்கினம். பிள்ளையள் தாயின்ர குரலுக்கு ஏத்த மாதிரி உறிஞ்சிச்சினமாம். பிறகு தகப்பன்மாரின்ர குரலையும் வைச்சுப் பாத்தவை. பிள்ளைக்கு அதில ஒரு விசேசமும் இல்லையாம்.

எண்டாலும் என்ரவன் ஏணையில அலறேக்க முத்தத்தில ஓட்டோவை ஸ்ராட் பண்ணிவிட்டா அடங்குவான். ஏழு மாசம் அந்த எஞ்சினுக்கு மேலதானே இருந்தவன். உங்கட வீட்டில என்ன மோட்டச்சைக்கிளோ?

ஓட்டோக்காரன் | 11 மாசி 2024, பின்னேரம் 4.50

நடந்திட்டான். நாலு அடி. கதவில இருந்து தண்ணிக்குடம் மட்டும். பிறகு விழுந்து குடத்தையும் விழுத்தினான். மாமி அந்த ஈர நிலத்தில இருந்து அழுறா.

ஓட்டோக்காரன் | 12 மாசி 2024, இரவு 9.15

வாழ்த்தினாக்களுக்கு நன்றி. எத்தினை மாசத்தில எண்டு கேட்டிருக்கிறீங்கள். பாருங்கோ, திரும்பவும் அந்தக் கேள்விதான். பிறந்ததில இருந்து பதினைஞ்சரை, மற்றக் கணக்கில பதினாலுக்குக் கொஞ்சம் கீழ.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா எண்டு அஞ்சு நாட்டுப் பிள்ளையளைப் பாத்து 2006இல ஒரு கணக்கு விட்டிருக்கு. தானா நடக்கத் தொடங்கிறது 8.2 மாசத்தில இருந்து 17.6 மாசம் மட்டும் எப்பவும் இருக்கலாம். ஒன்பது மாச இடைவெளி, இன்னொரு பிள்ளை பெத்தெடுக்கலாம். இதுக்குள்ள எங்கட பக்கத்து வீட்டு அக்கா "என்ரவள் பத்தில நடந்தவள்" எண்டு சொல்லாத நாளில்லை. இன்னொண்டு, நூறில நாலு பிள்ளை கையையும் முழங்காலையும் ஊண்டித் தவழாமலே நடக்குமாம். என்ரவனும் தவழேல்ல. இருந்த இருப்பில அரைஞ்சு அரைஞ்சு போவான், காற்சட்டையின்ர பின்பக்கம் தேஞ்சு போன அளவுக்கு.

ஓட்டோக்காரன் | 14 மாசி 2024, இரவு 10.00

"எங்கட முன்னோர் உதெல்லாம் முந்தியே கண்டுபிடிச்சிட்டினம்" எண்டு மேல ஒராள் தொடங்கியிருக்கிறார். வழக்கமா நான் உப்பிடிக் கதைக்குச் சிரிச்சுப்போட்டுப் போறனான். ஆனா தமிழ் வாத்தியாரா இருந்த எங்கட பெரியப்பாவிட்ட இதைச் சொல்ல அவர் பிள்ளைத்தமிழை எடுத்து வைச்சிட்டார்.

பத்துப் பருவம். மூண்டாம் மாசம் காப்பு, அஞ்சு செங்கீரை, ஏழு தால், ஒன்பது சப்பாணி, பதினொண்டு முத்தம், பதின்மூண்டு வாரானை, பதினைஞ்சு அம்புலி, அப்பிடியே ரெண்டு ரெண்டாக் கூட்டி 21 மட்டும். செங்கீரை எண்டா ரெண்டு கையையும் நிலத்தில ஊண்டி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுறது. குப்புறக் கிடக்கிற பிள்ளை கையை ஊண்டி நெஞ்சைத் தூக்கிறது இப்ப மிஸ்ஸியின்ர கணக்கிலயும் அந்த மாசங்களிலதான். சப்பாணி எண்டா கால் ஏலாதவனை இல்லை, கைகொட்டுறது. ஒன்பதில கைகொட்டும். வாரானை, "வா வா" எண்டு கூப்பிடுறது, நடக்கத் தொடங்கின பிள்ளையைத்தானே அப்பிடிக் கூப்பிடலாம். பதினைஞ்சில நிலாவைக் காட்டுறது, பிள்ளைக்கு விரல் நீட்டினாப் போதாது, நீட்டின பக்கம் பாக்கவும் தெரிய வேணும்.

கண்டுபிடிச்சவை எண்டு நான் சொல்லமாட்டன். வீட்டில பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கினம், அவ்வளவுதான். ஏழாம் மாசத் தாலாட்டு எனக்கு ஒத்துவரேல்ல, இவனுக்கு எல்லா மாசமும் தாலாட்டு வேணும். பெரியப்பா சொல்லுறார் தால் எண்டா நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுறதாம். அப்பிடியெண்டாச் சரி, ஏழில அவன் "ஙா ஙா" எண்டு நாக்கை ஆட்டத் தொடங்கிட்டான். அவன்ர எந்த ஏழு எண்டு கேக்காதேங்கோ.

ஓட்டோக்காரன் | 15 மாசி 2024, காலமை 6.40

பல்லுக்கொழுக்கட்டை எப்ப செய்தனீங்கள் எண்டு கேட்டவவுக்கு. பல்லு ஒருத்தரின்ர கணக்கையும் பாக்காது, தெரிஞ்ச அண்டைக்குத்தான். இவனுக்குப் பிறந்து ஒன்பது மாசத்தில. வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல பிடிச்சுக் கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால கொப்பி, பேனை, காப்பு, பெரியப்பாவின்ர புத்தகம் எல்லாம் பரப்பி வைச்சது. எல்லாத்தையும் தள்ளிப்போட்டு என்ர சட்டைப் பொக்கற்றில தொங்கின ஓட்டோத் திறப்பைப் பிடிச்சிட்டான். மனுசி திறப்பைப் பறிச்சுப்போட்டுப் பேனையைக் கையில திணிச்சு, அதைத்தான் போட்டோ எடுத்தவ.

ஓட்டோக்காரன் | 24 மாசி 2024, இரவு 11.30

இண்டைக்குப் பறுவம், முழு நிலவு. காதையும் காலையும் பாக்கிறது எண்டு மிஸ்ஸி சொன்னது ஏன் நிண்டது எண்டு பிறகு எழுதுறன் எண்டனான்.

அக்காவின்ர மகள். 2009இல கடைசிச் சண்டைக்குள்ள பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில 15 பங்குனி எண்டு கிடக்கு, அது சண்டைக்குப் பிறகு மெனிக் பாம் அகதி முகாமில பதியேக்க எழுதினது. அக்காவுக்கு அப்ப நாள் கிழமை ஒண்டும் ஞாபகத்தில இல்லை, "பங்குனி மட்டில" எண்டு சொல்லியிருக்கிறா, எழுதினவர் நடுவில ஒரு நாளைப் போட்டிட்டார். இப்ப அவளுக்கு ஐசி (அடையாள அட்டை) எடுக்கிற வயசு, படிவத்தை வைச்சுக்கொண்டு "அம்மா நான் உண்மையா எப்ப பிறந்தனான்" எண்டு கேட்டிருக்கிறாள்.

நாங்கள் இருந்து எண்ணிப் பாத்தம். அக்காவுக்கு ரெண்டு விசயம் நிச்சயம். ஒண்டு, அண்டைக்கு முழு நிலவு. பங்கருக்குள்ள விளக்குக் கொளுத்தப் பயம், வாசலால விழுந்த நிலவு வெளிச்சத்திலதான் பக்கத்துப் பங்கர் ஆச்சி கொடி வெட்டினவ. மற்றது, ஆசுப்பத்திரி புதுக்குடியிருப்பில இருந்து மாத்தளனுக்கு மாறி ஒரு கிழமைகூட இல்லை, அங்க கொண்டு போவமோ எண்டு அத்தான் கேக்க ஆச்சி வேண்டாம் எண்டவ. ஆசுப்பத்திரி மாறினது மாசி முதல் கிழமை. நான் போனில பழைய கலண்டரைத் தேடினன். 2009 மாசியில பறுவம் 9ஆம் திகதி, திங்கக்கிழமை. தைப்பூசத்துக்கு அடுத்த நாள்.

"ஓம், பூசம், பூசம்" எண்டு அக்கா சொன்னா. பதினைஞ்சு வருசமா அந்தச் சொல்லு அவவின்ர வாயில வரேல்ல.

நிறை எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மாசம் முத்தினதோ எண்டும் தெரியாது. அக்காவிட்டக் கேட்டன், காது எப்பிடி இருந்தது, மடிச்சா நிமிர்ந்ததோ எண்டு. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "ரெண்டு காதையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான்ரா இருந்தனான்" எண்டா.

ஓட்டோக்காரன் | 26 மாசி 2024, இரவு 9.00

ஆறுதல் சொன்னாக்களுக்கு நன்றி. ஒரு தம்பி எழுதியிருக்கிற விசயம் எனக்குப் புதுசு, பல்லு மருத்துவம் படிக்கிறவராம். பாற்பல்லின்ர மேல்பூச்சு வயித்துக்குள்ளயே படியத் தொடங்குமாம், மரத்துக்கு வளையம் மாதிரி படை படையா. பிறக்கிற அண்டைக்கு அதில ஒரு கோடு விழுமாம், கோட்டுக்கு ஒரு பக்கம் வயித்துக்குள்ள படிஞ்சது, மற்றப் பக்கம் வெளியில வந்து படிஞ்சது. மைக்கிரஸ்கோப்பிலதான் தெரியும். அது திகதி சொல்லாது எண்டும் அவரே சொல்லிப்போட்டார்.

நான் இதை அக்காவுக்குச் சொல்ல, அவ எழும்பிப் போய் அலுமாரிக்குள்ள இருந்து ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டு வந்தா. விழுந்த முதல் பல்லு. எல்லாரும் கூரையில எறியிறது, இவ எறியேல்ல, அவளுக்கெண்டு சின்ன வயசுச் சாமான் வேற ஒண்டும் மிஞ்சேல்ல எண்டு வைச்சிருக்கிறா. அரிசியளவு. கண்ணுக்குத் தெரியாது எண்டு தெரிஞ்சும் மூண்டு பேரும் ரோச் அடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தம். மருமகள் சொன்னாள், "மாமா, சூத்தை ஒண்டுதான் தெரியுது."

ஓட்டோக்காரன் | 15 பங்குனி 2024, இரவு 8.45

இண்டைக்கு அவளுக்குக் கடுதாசிப் பிறந்தநாள், கேக் வெட்டினது. ஐசி படிவத்திலயும் இந்தத் திகதிதான் போகுது, மாத்த வெளிக்கிட்டா அலைச்சல். ஆனா அவள் நாளை எண்ணி வைச்சிருக்கிறாள், 9 மாசியில இருந்து 34 நாள். வகுப்பில ஒருத்தி 20 மாசியில பிறந்தவளாம், இவ்வளவு நாளும் "நான் உனக்கு அக்கா" எண்டு இவளை அதட்டி ரியூசன் கொப்பி எல்லாம் எழுத வைச்சவளாம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் முதல் வேலையா அதை நேராக்க வேணும் எண்டு நிக்கிறாள்.

பரந்தன் தம்பி, மனுசி எப்பிடி? அம்மா சோறு போடுறாவோ?